ஸ்டேடியத்தில் சிரிப்பு அஞ்சலி

மைக் டெஸ்டிங், மைக் டெஸ்டிங், ஹலோ, ஒன் டூ த்ரீ என்று அவன் சொல்லிக்கொண்டே இருக்கிறான், த்ரீக்கு மேல் அவனுக்கு எண்ணத் தெரியாது போலிருக்கிறது, எந்த மைக் செட்காரனுக்கும் தெரிந்து நான் பார்த்ததில்லை. பிளாஸ்டிக் நாற்காலியின் பின்னங்கால் ஒன்று மண்ணுக்குள் இறங்குகிறது, சாய்ந்தால் அதுவும் சாயும், சாயாமலிருக்க வலது காலை ஊன்றியே உட்கார்ந்திருக்கிறேன், வேறு நாற்காலி கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, இப்போதெல்லாம் எதையும் கேட்கத் தோன்றுவதில்லை, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றைக் கேட்கத்தான் காலங்காத்தாலே குளித்து, கஞ்சிப் பசை போட்ட சேலையைச் சுற்றிக்கொண்டு இந்த ஜூபிலி ஸ்டேடியத்துக்கு வந்திருக்கிறேன். எதிரே சின்னப் பந்தல், பந்தலுக்குள் மேஜை, மேஜை மேல் என் வீட்டுக்காரர். போட்டோவில்தான். வைகறை சிரிப்போர் மன்றம், அமரர் இன்னாசிமுத்து அவர்களுக்கு சிரிப்பு அஞ்சலி என்று பேனர். மற்றவர்கள் ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌனமாக இருப்பார்களாம், இவர்கள் ஒரு நிமிடம் எழுந்து நின்று சிரிப்பார்களாம், மன்றத்தின் வழக்கம் அது, செத்துப்போன எல்லா மெம்பருக்கும் செய்திருக்கிறார்களாம், குறை வைத்ததில்லையாம். மூன்று மாதத்துக்கு முன்னால் இதே மூலையில், இதே ஆட்கள் வட்டமாக நின்று சிரித்துக்கொண்டிருக்கும்போது, வட்டத்துக்குள் நின்ற என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு அடைத்தது. அவர் சிரிக்கிறார் என்று நினைத்து இவர்களும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். எவ்வளவு நேரம் சிரித்தார்கள்? அதுதான் என் கேள்வி. அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்து என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். வீட்டுக்கு வந்த மன்றத் தலைவர் மகராஜன், சிரிச்சுக்கிட்டே போயிட்டாரும்மா, யாருக்குக் கெடைக்கும் இப்படி ஒரு சாவு என்றார். அதையே அடக்கப் பூசையில் ஃபாதர் எடுத்துக்கொண்டார், மகிழ்ச்சியோடு ஆண்டவரிடம் போனார் என்று. கல்லறையிலிருந்து திரும்பும்போது என் நாத்தனார்கூட அக்கம்பக்கத்தாரிடம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். ஊரே சேர்ந்து அவரைச் சிரிக்க வைத்துவிட்டது. முப்பது சொச்சம் வருஷம் கூட இருந்த எனக்கு அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று தெரியாது, அழுகையும் வரவில்லை. தெரிந்தால் அழுகை வரும் என்றும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டு மரத்துப்போன கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்போமே, கிள்ளுகிற விரலுக்குத் தெரியும், கன்னத்துக்குத் தெரியாது, அப்படி இருக்கிறேன்.

இந்த ஸ்டேடியத்துக்கு ஒரு முகம் என்று எப்போதாவது இருந்திருக்கிறதா. அதோ நடு மைதானத்தில் ராட்டினத்தின் இரும்புச் சட்டங்களை இறக்குகிறார்கள், அடுத்த வாரம் பொருட்காட்சி, டெல்லி அப்பளம் பொரிக்கிற கடைக்கு இப்போதே தகரம் அடித்தாகிவிட்டது. போன மாதம் போலீஸ் செலக்‌ஷன், பிள்ளைகள் நெஞ்சளவு எடுக்க வரிசையில் நின்றார்கள். அதற்கு முன்னால் ஏதோ மந்திரி வந்து இறங்க ஹெலிகாப்டருக்காகப் புல்லில் பெரிய வட்டம் போட்டு எச் என்று எழுதினார்கள், ஹெலிகாப்டர் கிளப்பிய புழுதி எங்கள் தெரு வரை வந்து காயப்போட்ட வடகத்தில் விழுந்தது. விளையாட்டு எப்போதாவது நடக்கும். இதைத் திறந்து வைத்த வருஷம் எங்கள் கான்வென்ட்டிலிருந்து மாஸ் டிரில்லுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள், நான் அப்போது எட்டாவது, வெள்ளை கேன்வாஸ் ஷூவுக்கு முதல் நாள் இரவு சுண்ணாம்பு மாதிரி ஒன்றைக் கரைத்துப் பூசி, காயாமல் காலையில் ஈரத்தோடு போட்டுக்கொண்டு வந்தோம். கேர்ல்ஸ், சின் அப், சின் அப் என்று சிஸ்டர் பெர்னதெத் விசில் ஊதுவார். விசிலுக்கு நாலு எட்டு முன்னால், இரண்டு எட்டு பக்கவாட்டில், உட்கார், கையை விரி. ஆயிரம் பிள்ளைகள் சேர்ந்து பெரிய தாமரை ஆனோமாம். ஆனோமாம் என்றுதான் சொல்ல முடியும். உள்ளே உட்கார்ந்திருந்தவளுக்கு முன்னால் இருந்தவளின் ரிப்பன் மட்டும்தான் தெரிந்தது. கேலரியில் இருந்தவர்கள் கைதட்டினார்கள், எதற்குத் தட்டுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள், ஷட் அப் என்றார் சிஸ்டர். பிறகு சர்க்கஸ் வந்தது, சிங்கம் கத்துவது ராத்திரியில் வீடு வரை கேட்கும் என்பார்கள், எனக்குக் கேட்டதில்லை. அரசியல் கூட்டங்கள் வந்தன, பெந்தெகொஸ்தேக்காரர்களின் எழுப்புதல் கூட்டங்கள் வந்தன, செவிடன் கேட்டான் ஊமை பேசினான் என்று மைக்கில் சொன்னார்கள், நாங்கள் கத்தோலிக்கர் என்பதால் அம்மா போகவிடவில்லை. ஆற்றில் வெள்ளம் வந்த வருஷம் கேலரிக்குக் கீழே இருக்கிற அறைகளில் கரையோரத்துச் சனங்களைத் தங்கவைத்தார்கள், நான் பழைய சேலைகளைக் கொண்டுவந்து கொடுத்தேன், ஒருத்தி வாங்கிப் பிரித்துப் பார்த்து, ஏக்கா, கிழியாதது ஒண்ணும் இல்லியா என்றாள், அவள் கேட்டது நியாயம். கொரோனாவுக்கு மார்க்கெட்டை மூடிவிட்டு இங்கே கொண்டுவந்தார்கள், ஓடுகிற பாதை முழுக்கக் காய்கறிக் கடை, சுண்ணாம்பு வட்டத்துக்குள் நின்றுதான் வாங்க வேண்டும், இப்போது உட்கார்ந்திருக்கிற இந்த நீளம் தாண்டுகிற மணல் குழிக்குப் பக்கத்தில் நின்று நான் சின்ன வெங்காயம் வாங்கியிருக்கிறேன். இதே இடம். அவர் பையைப் பிடித்துக்கொண்டு அடுத்த வட்டத்தில் நின்றார். நெஞ்சு அடைத்த அன்றைக்கு இங்கே விழுந்தாரா, உட்கார்ந்தாரா, யாராவது பிடித்தார்களா. அதுவும் தெரியாது. மண்ணைப் பார்க்கிறேன், மண் மாதிரி இருக்கிறது.

மகராஜன் வருகிறார், கையில் பேப்பர் கப்பில் காபி, கூட்டுறவு பேங்க்கில் மேனேஜராக இருந்தவர், இன்னமும் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் மாதிரிதான் பேசுவார். “கவுன்சிலர் கெளம்பிட்டாராம்மா, வாசல்ல செருப்புப் போட்டுட்டாராம்.” போன வருஷம் குடியரசு தினத்துக்கு இதே மாதிரி இன்னொருத்தருக்காகக் காத்திருந்தோம், அவரும் செருப்புப் போட்டுக்கொண்டேதான் இருந்தார். “அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும்” என்கிறேன். “கேளுங்கம்மா, சீனி போடாமத்தான் சொன்னேன்.” “காபிய கேக்கல. அன்னைக்கு எவ்வளவு நேரம் கழிச்சுப் பாத்தீய?” அவருக்குப் புரிந்துவிட்டது, கண் போட்டோவுக்குப் போய்விட்டு வருகிறது. “ஒடனே பாத்துட்டோமே. ஒடனே.” “ஒடனேன்னா?” “ஒடனேன்னா ஒடனேதாம்மா. நீங்க அதெல்லாம் போட்டு மனசக் கொழப்பாதீய. அவரு சிரிச்ச மொகத்தைத்தான் நாங்க எல்லாரும் பாத்தோம். காபி ஆறுது.” போய்விட்டார், ராட்டினக்காரர்களிடம் சுத்தியலைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிக் கத்துகிறார், அவர்கள் நிறுத்தவில்லை. பேங்க்கில் இப்படித்தான் லோன் கேட்டு வந்தவர்களை அனுப்பியிருப்பார். காபி நிஜமாகவே ஆறித்தான் இருக்கிறது, முதலிலேயே ஆறினது. என் இடது பக்கத்து நாற்காலியில் செண்பகவல்லி வந்து உட்காருகிறாள், ஜி.எச்.சில் ஹெட் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள், மன்றத்தில் அவள் ஒருத்திதான் வைத்தியம் தெரிந்த ஆள், அன்றைக்குப் பார்த்துச் சங்கரன்கோவிலுக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டாள். “நான் மட்டும் இருந்திருந்தேன்னா மைனி” என்று ஆரம்பிக்கிறாள், பார்க்கிற போதெல்லாம் இதைத்தான் சொல்கிறாள், இவள் இல்லாததை எத்தனை தடவைதான் கேட்பது. “கல்யாணச் சாப்பாடு எப்படி?” என்கிறேன். பாவம், பேனரைப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். என் நாக்கு மட்டும் மரத்துப்போகவில்லை, அது பாட்டுக்கு வேலை செய்கிறது.

அந்தப் போட்டோ அவர் இல்லை. அவர்தான், ஆனால் அவர் இல்லை. மன்றத்து ஆண்டு விழாவில் எல்லாரும் சேர்ந்து எடுத்ததிலிருந்து அவரை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள், தோளில் பக்கத்து ஆளின் விரல்கள் இன்னும் இருக்கின்றன, வாய் திறந்திருக்கிறது, மேல் வரிசைக் கடைவாய்ப்பல்லில் அடைத்த வெள்ளிகூடத் தெரிகிறது. அந்தப் பல்லை அடைக்க நான்தான் கூடப் போனேன், அதற்குப் பிறகு அந்த வெள்ளியை நான் பார்த்ததே இல்லை. வீட்டில் அவர் வாய் அவ்வளவு திறக்காது. சாப்பிடும்போது திறக்கும், அதுவும் அளவாக. டெலிபோன்ஸில் வேலை, லைன் பார்க்கிற வேலை, நாள் முழுக்க ஊர் பேசுவதைக் காதில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து சும்மா இருப்பார். இந்த ஸ்டேடியத்தில் பெரிய கூட்டம் என்றால் பத்திரிகைக்காரர்களுக்குத் தற்காலிக லைன் இழுத்துக் கொடுப்பது அவர்தான், கேலரிக்குக் கீழே வரிசையாக போன் வைத்திருப்பார்கள், எந்தத் தலைவர் என்ன பேசினார் என்று கேட்டால் லைன் கிளியரா இருந்திச்சு என்பார். கல்யாணம் ஆன புதிதில் ஒரு நாள் நடந்துவரும்போது இந்த ஸ்டேடியம் காம்பவுண்டுக்குப் பக்கத்தில் நின்று காலால் தரையைத் தட்டி, இதுக்குக் கீழ நம்ம கேபிள் போகுது என்றார். அதுதான் அவர் என்னிடம் தன்னைப் பற்றிச் சொன்னதிலேயே நீளமான பேச்சு என்று அப்போது தெரியாது. ரிட்டயர் ஆன பிறகு சுகர் என்று நடக்கச் சொன்னார்கள், நடந்தவர் சிரிக்கிறவர்கள் கூட்டத்தில் எப்படிப் போய்ச் சேர்ந்தார்? மரத்தடியில் கையைத் தூக்கித் தூக்கி ஹோ ஹோ ஹா ஹா என்று கத்துகிற கிறுக்குக் கூட்டம் என்றுதான் நான் சொல்லுவேன், இன்றைக்கும் அதையேதான் சொல்லுவேன். என்னத்துக்குச் சிரிக்கீய அங்க போய் என்று கேட்டேன். சும்மா என்றார். சும்மாவா? சும்மாதான். மகள் அனிட்டா ஓசூரிலிருந்து போன் பண்ணும்போது, மம்மி, டாடி சிரிக்கிறத வீடியோ எடுத்து அனுப்புங்க, ப்ளீஸ் என்பாள், நான் வந்து பார்க்க வேண்டுமே, எனக்கு அந்த நேரத்தில் பால்காரன் வருவான். நேற்றும் அவள்தான், போகாதீங்க மம்மி, அவங்க ஏதாவது சொல்லி நீங்க தாங்க மாட்டீங்க என்றாள். தாங்குவதற்கு என்ன இருக்கிறது. வெயில் தலைக்கு மேல் கட்டியிருக்கிற வலைத்துணி வழியாக இறங்கிக் கையில் சதுரம் சதுரமாக விழுகிறது, சூடு தெரிகிறது, சூடு தெரிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ராத்திரி வருவதுதான் வேறு மாதிரி. கண்ணை மூடினால் வட்டம், வட்டம் முழுக்க வாய்கள், நடுவில் அவர் நிற்கிறார், சத்தம் இல்லை, எல்லா வாயும் பெரிதாகிக்கொண்டே வருகிறது, யாராவது நிறுத்துங்கள் என்று நான் சொல்ல வேண்டும், நான் அங்கே இல்லை, பால்காரனிடம் நிற்கிறேன். எவ்வளவு நேரம். ஒரு சிரிப்பு எவ்வளவு நேரம் இருக்கும். அடுப்படியில் தனியாக நின்று ஒரு நாள் சிரித்துப் பார்த்தேன், ஹ ஹ ஹ என்று, குக்கர் விசில் வருவதற்குள் தொண்டை வறண்டுவிட்டது. இவர்கள் விதவிதமாகச் சிரிப்பார்களாம், ஒன்று முடிந்ததும் அடுத்தது, சிங்கச் சிரிப்பு நாக்கை வெளியே நீட்டி, போன் சிரிப்பு கையைக் காதில் வைத்துக்கொண்டு எதிர்முனையில் யாரோ ஜோக் சொல்கிற மாதிரி. உடனே என்றால் எதற்குள், எந்தச் சிரிப்புக்குள்.

கவுன்சிலர் வந்துவிட்டார், எல்லாரும் எழுந்து உட்கார்கிறார்கள், என் வலது பக்கத்தில் வந்து உட்காருகிறவர் மைதீன் பாய், ஜங்ஷனில் டயர் கடை வைத்திருக்கிறவர், வட்டத்தில் இவருக்குப் பக்கத்தில்தான் என் வீட்டுக்காரர் எப்போதும் நிற்பார் என்று தெரியும், போட்டோவில் தோளில் இருக்கிற விரல்கள் இவருடையவைதான், அந்த மோதிரம் இப்போதும் கையில் இருக்கிறது. மூன்று மாதமாக இவர் மட்டும்தான் வீட்டுக்கு வரவில்லை. கவுன்சிலர் பேசுகிறார், சிரிப்பு ஒரு மாமருந்து, இந்த ஸ்டேடியத்துக்கு விரைவில் சிந்தெடிக் டிராக், நீச்சல் குளம், நடைப்பயிற்சியாளர்களுக்குத் தனிப் பாதை. மாமருந்து சாப்பிட்டவர் மேஜை மேல் இருக்கிறார். நான் போட்டோவைப் பார்த்தபடியே கேட்கிறேன், “பாய், நீங்கதான பக்கத்துல நின்னீய?” “ஆமாம்மா.” “எவ்வளவு நேரம்?” பாய் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். உடனே என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். “போன் சிரிப்புல ஆரம்பிச்சதும்மா. அது முடிஞ்சு, சிங்கச் சிரிப்பு ஒண்ணு முழுசா போச்சு. அப்பறம் எல்லாரும் கை தட்டுவோம். அவரு தட்டல. அப்பதான்.” மைக்கில் நீச்சல் குளத்தின் நீளம் அகலம் வந்துகொண்டிருக்கிறது. “ஒங்களுக்கு ஒண்ணுமே தெரியலியா பாய்? கத்தலியா அவுக?” “அவரு சத்தமே போட மாட்டாரும்மா.” “எப்ப?” “எப்பவுமே.” எனக்குப் புரியவில்லை, திரும்பிப் பார்க்கிறேன், முதல் தடவையாக. பாய் போட்டோவைப் பார்க்கிறார். “சிரிக்கிறதுக்கு வாயத் தெறப்பாரு, சத்தம் வராது. சேந்த அன்னைல இருந்தே அப்படித்தான். நான்கூடக் கேட்டேன், என்ன சார், லைன் கட்டான்னு. எனக்கு வரமாட்டேங்குது பாய், ஆனா இங்கனதான் நாலு பேரு கூட நிக்காங்க, அப்படின்னாரு. நாங்க விட்டுட்டோம். அதுவும் ஒரு சிரிப்புதானன்னு விட்டுட்டோம். இன்னாசி சார் சிரிப்புன்னு அதுக்குப் பேரே வச்சிருந்தோம்மா.” அவர் மோதிரத்தைத் திருகுகிறார். “அன்னைக்கும் வாயத் தெறந்தாரு. என்னையத்தான் பாத்தாரு. கண்ணுல தண்ணி. எனக்கு என்னன்னா, இன்னைக்கு இவருக்கு வந்துரும் போலயே, நெசமாவே சிரிப்பு வரப்போகுது போலயேன்னு... நான் இன்னும் சத்தமா சிரிச்சேம்மா. அவரு மொகத்துக்கு நேரா நின்னு சிரிச்சேன். இழுத்து விட்டுரலாம்னு.” கைதட்டுகிறார்கள், கவுன்சிலர் முடித்துவிட்டார், பாயும் தட்டுகிறார், தட்டிவிட்டுத் தட்டிய கையைப் பார்க்கிறார். ஒரு போன் சிரிப்பு, ஒரு சிங்கச் சிரிப்பு. கேட்டாகிவிட்டது. பதில் உள்ளே போய் எங்கேயாவது இடிக்கும் என்று காத்திருக்கிறேன், கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிற மாதிரி. இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. ஆக, அங்கேயும் சிரிக்கவில்லை. ஊரெல்லாம் சொன்ன அந்தச் சிரிப்பு என்ற ஒன்று இல்லவே இல்லை. வீட்டில் எனக்குக் காட்டாமல் இங்கே இவர்களுக்குக் காட்டினார் என்று மூன்று மாதமாக நான் யார் மேல் வயிறெரிந்துகொண்டிருந்தேன்? நாலு பேர் கூட நிற்கிறார்கள் என்றாராம். நானும் கூடத்தான் நின்றேன், அது கணக்கில் வருமா வராதா என்று இனி யாரிடம் கேட்பது.

“இப்போது நம் இன்னாசிமுத்து அவர்களுக்கு, அவருக்குப் பிடித்தமான போன் சிரிப்பால் அஞ்சலி” என்கிறார் மகராஜன். பிடித்தமானது என்று யார் சொன்னார்கள், அவரே சொல்லியிருக்க மாட்டார். நாற்காலிகள் நகருகின்றன, எல்லாரும் எழுந்து வட்டமாகிறார்கள், எனக்கும் இடம் விடுகிறார்கள், ஒரு பக்கம் மைதீன் பாய், ஒரு பக்கம் செண்பகவல்லி, எழுந்ததில் என் கால் கட்டையாக இருக்கிறது. கவுன்சிலர்கூட வாட்சைப் பார்த்துவிட்டுக் கையைக் காதுக்குக் கொண்டுபோகிறார். மகராஜன் ஹலோ என்று ஆரம்பிக்கிறார், ஹலோ ஹலோ என்று எல்லாரும், பிறகு சிரிப்பு. முதலில் பொய்யாகத்தான் இருக்கிறது, ஹ ஹ என்று தனித்தனியாக, அப்புறம் எங்கேயோ ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு வட்டம் முழுக்க ஓடுகிறது, காலி கேலரியில் மோதித் திரும்பி வருகிறது, ராட்டினக்காரர்கள் சுத்தியலை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். நானும் கையைக் காதில் வைக்கிறேன். காது சில்லென்று இருக்கிறதா கை சில்லென்று இருக்கிறதா. வாயைத் திறக்கிறேன். இவ்வளவுதானா, இது சுலபமாகத்தான் இருக்கிறது, வாயைத் திறந்து வைத்துக்கொண்டால் போதும், காற்று உள்ளே வந்து போகிறது, சத்தம் வரவில்லை, சத்தம் தேவையாகவும் இல்லை, யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை, இப்படியே ரொம்ப நேரம் நிற்கலாம், நாலு பேர் கூட நிற்கிறார்கள், கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரிகூட இருக்கிறது, புழுதியாக இருக்கும். பாய் என்னைப் பார்க்கிறார். பாயின் சிரிப்பு பாதியில் நிற்கிறது. அவருக்கு அடுத்தவர் நிறுத்துகிறார், அதற்கு அடுத்தவர், வட்டம் முழுக்க ஒவ்வொரு வாயாக மூடிக்கொண்டே போகிறது, சிரிக்கும்போதும் இவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டேதான் சிரித்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிகிறது, அவர் போன பிறகு இந்த மூன்று மாதமாகப் பழகியிருப்பார்கள். கவுன்சிலர் மட்டும் இன்னும் ஹ ஹ என்கிறார், யாரோ அவர் கையைப் பிடித்து அமுக்குகிறார்கள். “மைனி, என்ன செய்யுது? நெஞ்சுல எதும் செய்யுதா?” செண்பகவல்லி என்னை ஒரு பக்கம் அணைத்துப் பிடித்துவிட்டாள். “நாற்காலி, நாற்காலிய கொண்டாங்க! தண்ணி எங்கவே? கார எடுங்க!” மகராஜன் மைக்கை விட்டுவிட்டு ஓடி வருகிறார், மைக் கீழே விழுந்து கூவுகிறது, பாய் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் முகத்துக்கு விசிறுகிறார். எவ்வளவு சீக்கிரம். உடனே என்றால் இதுதான் உடனே. “ஒண்ணுமில்ல” என்கிறேன், “நான் சிரிக்கத்தான் செய்தேன். எனக்குச் சத்தம் வராது. நீங்க சிரிங்க.” ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒருத்தரும் நம்பவும் இல்லை. செண்பகவல்லி என் மணிக்கட்டைத் திருப்பி இரண்டு விரலை வைத்து அழுத்தி, உதட்டுக்குள் எண்ண ஆரம்பித்துவிட்டாள், அவள் விரல் சூடாக இருக்கிறது, நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.